அக்கானிக்கு ஒரு மேசை

அக்கா மகன் என்னை ஒயின் திருவிழாவுக்குக் கூட்டிக்கொண்டு போன கதையை இதுவரை அக்காவிடம் சொல்லவில்லை. அவள் முகநூலில் இல்லை என்ற தைரியத்தில்தான் இங்கே எழுதுகிறேன்.

அமெரிக்காவில் மிச்சிகன் மாநிலத்தில் கிராண்ட் ராப்பிட்ஸ் என்று ஒரு ஊர். மக்கள்தொகை சுமார் 2 லட்சம். நம்ம நாகர்கோவில் 2011 கணக்கெடுப்பிலேயே அதைவிடப் பெரியது. ஒரு காலத்தில் மேசை, நாற்காலி செய்வதற்குப் பேர்போன ஊராம். இப்போது பீருக்குப் பேர்போனது. டச்சுக்காரர்கள் வந்து குடியேறிய இடம் என்பதால் எந்தப் பக்கம் திரும்பினாலும் ஒரு ஆலயம், ஞாயிறு காலையில் பைபிளும் கையுமாகக் குடும்பம் குடும்பமாக மனிதர்கள். (1741-ல் குளச்சலில் நாம் தோற்கடித்த ஆட்களின் சொந்தக்காரர்கள் என்று மருமகனிடம் சொன்னேன். சத்தமாகச் சொல்லாதீங்க மாமா என்றான்.)

அந்த ஊரில் வருடாவருடம் நவம்பரில், ஆற்றங்கரையில் இருக்கிற பெரிய மாநாட்டு மண்டபத்தில் ஒயின், பீர், உணவு மூன்றுக்கும் சேர்த்துத் திருவிழா வைக்கிறார்கள். போவதற்கு முன் என் மனதில் இருந்த படம் வேறு. மது என்றால் நமக்குத் தெரிந்தது கம்பிக்குப் பின்னால் ஒரு கை, அது நீட்டுகிற பாட்டில், பக்கத்துச் சந்தில் பிளாஸ்டிக் டம்ளர், இரண்டு மடக்கில் காலி, முகத்தைத் துடைத்துக்கொண்டு நடை. அங்கே கையில் ஒரு சின்னக் கண்ணாடிக் கோப்பை. ஒரு மேசையில் ஒரு வாய் ஊற்றுவார்கள், அவ்வளவுதான். அதை வைத்துக்கொண்டு ஐந்து நிமிடம் பேசுகிறார்கள். பக்கத்திலேயே சீஸ், புகைபோட்ட மீன், ரொட்டி. எதற்கு எது சேரும் என்று ஒரு சமையல்காரர் விளக்கிக்கொண்டிருந்தார். எல்லாரும் தேவதூதர்கள் இல்லை. நேரம் ஆக ஆகச் சில குரல்கள் உயர்ந்தன, ஒரு பையனை நண்பர்கள் தாங்கிப் பிடித்துக் கூட்டிப் போனார்கள். அதையும் பார்த்தேன்.

எனக்கு மனதில் நின்றது செர்ரிப் பழ ஒயின் வைத்திருந்த ஒரு அம்மா. என் வயதுதான் இருக்கும். தோட்டமும் அவருடையது, பழமும் அவருடையது. வசந்தத்தில் பூ வரும் நேரத்தில் உறைபனி விழுந்தால் அந்த வருடம் போயிற்று என்றார். விரல்களைக் காட்டினார், நகத்தோரம் எல்லாம் கறை. குடித்தவர்கள் அவரிடமே நல்லா இருக்கு என்றார்கள், ஒருவர் இனிப்பு ஜாஸ்தி என்று முகத்துக்கு நேரே சொன்னார். அவரும் சிரித்துக்கொண்டே, அப்படியானால் இதைக் குடியுங்கள் என்று அடுத்த பாட்டிலை எடுத்தார்.

அந்த நிமிடம் எனக்கு என் தாத்தா ஞாபகம் வந்தார்.

தாத்தா பனையேறி. எங்கள் வீட்டில் இந்தச் சொல்லைச் சத்தமாகச் சொல்ல மாட்டார்கள். பள்ளிக்கூடத்தில் அப்பாவை அந்தப் பெயர் சொல்லித் திட்டியிருக்கிறார்கள். அதனால் அப்பா எங்களிடம், தாத்தாவுக்கு விவசாயம் என்றுதான் சொல்லி வளர்த்தார். தாத்தா பாளையைச் சீவி, கலயத்தின் உள்ளே சுண்ணாம்பு தடவிக் கட்டிவிட்டு வருவார். அந்தச் சுண்ணாம்புதான் எல்லாம். அது இருந்தால் சாறு சீக்கிரம் புளிக்காது, அக்கானி (மற்ற ஊர்களில் பதநீர்). இல்லையென்றால் காற்றில் இருக்கிற ஈஸ்ட் வேலையைத் தொடங்கிவிடும், சில மணி நேரத்தில் கள். ஒரே மரம், ஒரே பாளை, ஒரே கலயம். பங்குனி, சித்திரை வெயிலில் ஓலைப்பட்டையில் அக்கானி ஊற்றி, நுங்கை வழித்துப் போட்டுக் குடித்தவர்களுக்கு நான் எதையும் விளக்க வேண்டியதில்லை. எந்த ஊர் ரீஸ்லிங் ஒயினும் பக்கத்தில் நிற்காது. இதை ஊர்ப்பாசத்தில் சொல்லவில்லை. இரண்டையும் குடித்துப் பார்த்துச் சொல்கிறேன்.

ஆனால் அந்தச் செர்ரி அம்மாவைப் போல என் தாத்தா ஒரு நாளும் தன் சரக்குக்குப் பின்னால் நின்றதில்லை. அவர் கலயத்தோடு வருவார், ஆச்சி காய்ச்சுவாள், கருப்பட்டி சந்தைக்குப் போகும். யார் ஏறினது, யார் காய்ச்சினது என்று வாங்குகிறவனுக்குத் தெரியாது, தெரிந்துகொள்ள அவசியமும் இல்லை. இன்று சீனி கலந்த கருப்பட்டி தாராளமாக ஓடுவதற்கு இதுவும் ஒரு காரணம் என்பேன். செய்தவன் முகம் தெரியாத பொருளில் எதை வேண்டுமானாலும் கலக்கலாம். 1978-லேயே பனையை மாநில மரமாக அறிவித்துவிட்டோம். மரத்துக்குக் கிடைத்த மரியாதை அதில் ஏறுகிறவனுக்கு வந்து சேரவில்லை.

கள்ளைப் பற்றிச் சொல்லாமல் போனால் நழுவுகிறான் என்பீர்கள். தமிழ்நாட்டில் 1987-லிருந்து கள் இறக்கக் கூடாது. களியக்காவிளையைத் தாண்டிக் கேரளத்துப் பாறசாலைப் பக்கம் போனால் கள்ளு என்று பெரிதாகப் பலகை, உள்ளே கப்பையும் மீன்கறியும், மேசையில் அரசு உத்தியோகஸ்தர்கள். இந்தப் பக்கம் குற்றம், அந்தப் பக்கம் மத்தியானச் சாப்பாடு. என் சித்தப்பா குடித்துத்தான் செத்தார், ஆனால் கள் குடித்து இல்லை, கடைப் பாட்டில். அதனால் பனையேறி தன் பனையடியில் தானே விற்கிற அளவுக்காவது கள்ளைத் திறந்துவிட வேண்டும் என்பது என் கட்சி. எங்கள் வீட்டிலேயே இதற்கு ஆதரவு கிடையாது. கிறிஸ்மஸுக்கு நாற்பது நாள் முன்பே பரணிச் சாடியில் ஒயினுக்காகத் திராட்சையும் சீனியும் கிராம்பும் போட்டுத் தினமும் மரக்கரண்டியால் கிண்டி வைக்கிற வீடு அது. அதைக் கேட்டால், அது வேற, இது வேற என்பார்கள்.

சரி, கள் கிடக்கட்டும். நாகர்கோவிலில் ஒயினும் பீரும் வைத்துத் திருவிழா நடத்துங்கள் என்று நான் கேட்கவில்லை. அக்கானிக்கு ஒன்று வையுங்கள். சித்திரையில் ஒரு சனி, ஞாயிறு. மேசைக்கு ஒரு பனையேறி, பக்கத்தில் காய்ச்சுகிற அவர் வீட்டுப் பெண், இருவர் பேரும் எழுதின பலகை. அடுத்த மேசையில் அவித்த மரச்சீனிக் கிழங்கும் சாளைக் குழம்பும், குளச்சல், முட்டம் பக்கத்துப் பெண்கள் கையால். கருப்பட்டி போட்ட முந்திரிக்கொத்து. ரசவடை. 2023-ல் புவிசார் குறியீடு வாங்கின மட்டிப்பழம், குழந்தைக்கு முதன்முதலில் ஊட்டுகிற அதே பழம். ஒரு வாய் அக்கானி, ஒரு வாய் காரம். மணற்காட்டுப் பனைக்கும் செம்மண் பனைக்கும் ருசி வேறு என்று தாத்தா சொல்வார். அதை வரிசையாக ஊற்றிப் பார்த்து நாலு பேர் சண்டை போடட்டுமே.

இதில் ஒரு சிக்கல் உண்டு. திருவிழா என்றால் நமக்குச் சாயங்காலம், சீரியல் செட்டு லைட், மைக். அக்கானி அதுவரை காத்திருக்காது. விடியற்காலை இறக்கினால் வெயில் ஏறுவதற்குள் குடித்தாக வேண்டும். அதனால் காலை 6 மணிக்குத் தொடங்கி 9 மணிக்கு முடிகிற திருவிழாவாகத்தான் இருக்க முடியும்.

பெரிய யோசனை கண்டுபிடித்த சந்தோஷத்தில், எங்கள் ஊரில் இன்னும் பனை ஏறுகிற ஒரே அண்ணனிடம் போன வாரம் இதைச் சொன்னேன். அறுபதைத் தாண்டியவர், மகன்கள் இருவரும் கல்ஃபில். அருவாளைத் தீட்டிக்கொண்டே முழுக்கக் கேட்டார்.

"நல்ல காரியந்தான் மக்கா. ஆனா ஆறு மணிக்கு நான் மேசைக்குப் பின்னால நின்னா, பனையில யாரு நிப்பா?"