பொருளைக் காக்க உயிரை எடுக்கலாமா?

திருட வந்தவனை வீட்டுக்காரர் கொன்றுவிட்டார் என்ற செய்தி எங்கு வெளியானாலும், அதன் கீழே "அவனுக்கு வேண்டியதுதான்" என்ற வரிதான் முதலில் வந்து விழுகிறது. அந்தக் கோபம் எனக்குப் புரிகிறது. ஆனால் அந்த வரிக்குள் இரண்டு கேள்விகள் ஒன்றாகக் கலந்து கிடக்கின்றன. உயிருக்கு அஞ்சிய ஒருவர் திருப்பித் தாக்கியது சரியா என்பது ஒன்று. பொருள் போய்விடக் கூடாது என்பதற்காக மட்டும் ஒருவரைக் கொல்லலாமா என்பது மற்றொன்று. முன்னதற்கு ஆம் என்றும், பின்னதற்குக் கூடாது என்றும் சொல்பவன் நான்.

மிகப் பழைய சட்டங்களிலேயே இந்த வேறுபாடு இருக்கிறது. இரவில் திருட வந்தவனைக் கொன்றால் குற்றமில்லை என்ற ரோமானியரின் பன்னிரண்டு பலகைச் சட்டம், பகலில் வந்தவன் ஆயுதத்தோடு எதிர்த்தால் மட்டுமே அதை ஒப்புக்கொண்டது. விவிலியத்தின் யாத்திராகமமும் சூரியன் உதித்தபின் திருடனைக் கொன்றவன்மேல் இரத்தப்பழி சுமரும் என்கிறது. களவு போகும் பொருளின் மதிப்பு இரவிலும் பகலிலும் ஒன்றுதான். இருட்டில் வந்திருப்பவன் யார், எத்தனை பேர், கையில் என்ன வைத்திருக்கிறான் என்பது வீட்டில் இருப்பவருக்குத் தெரியாது. அந்த அச்சத்துக்குத்தான் சட்டம் இடம் கொடுத்தது.

இந்தியாவில் 2024 ஜூலை 1 முதல் நடப்பில் உள்ள குற்றவியல் தண்டனைச் சட்டமான பாரதிய நியாய சன்ஹிதாவின் 41ஆம் பிரிவும் ஏறக்குறைய இந்த வழியில்தான் செல்கிறது. கொள்ளை, சூரியன் மறைந்து மீண்டும் உதிப்பதற்குள் வீட்டை உடைத்து நுழைதல், குடியிருக்கும் இடத்துக்குத் தீ வைத்தல் ஆகியவற்றைத் தடுக்கும்போது மரணம் நேர்ந்தாலும் அது தற்காப்பு உரிமைக்குள் அடங்கும். வெறும் திருட்டு என்றால், உயிர் போகும் அல்லது கொடுங்காயம் ஏற்படும் என்று நியாயமாக அஞ்சும் சூழல் இருந்தாக வேண்டும்; இல்லையென்றால் கொல்வதற்கு முன்னாலேயே அந்த உரிமை நின்றுவிடுகிறது.

எல்லா இடங்களிலும் இப்படி இல்லை. அமெரிக்காவின் டெக்சாஸ் மாநிலச் சட்டம், இரவில் திருடிய பொருளோடு தப்பி ஓடுபவனைக்கூட, வேறு வழியில் அதை மீட்க முடியாது என்று நியாயமாக நம்பினால் சுடுவதற்கு இடம் தருகிறது. ஜெர்மனியில் 1920இல், பழங்களைத் திருடிக்கொண்டு ஓடியவர்களைத் தோட்டக் காவலுக்கு இருந்தவர் சுட்டது சட்டப்படி சரியே என்று அந்நாட்டின் உச்ச நீதிமன்றம் தீர்ப்பளித்தது. முதுகைக் காட்டி ஓடுகிறவனால் யாருக்கும் ஆபத்து இல்லை; அங்கே தராசில் எஞ்சுவது ஒரு கூடைப் பழமும் ஒரு மனிதனும்தான். பிற்காலத்தில் ஜெர்மானியச் சட்ட மரபே அந்த எல்லையிலிருந்து பின்வாங்கி, காக்கப்படும் பொருளுக்கும் விளையும் கேட்டுக்கும் பொருத்தமே இல்லாதபோது தற்காப்பு செல்லாது என்ற நிலைக்கு வந்தது.

திருட வருகிறவன் ஆபத்தைத் தெரிந்துதானே வருகிறான் என்பார்கள். தெரிந்து வருவதால் அவன் தண்டனைக்கு உரியவன் ஆகிறான். அவன் உயிர் பொருளுக்கு உரியவரின் கைக்கு வந்துவிடுவதில்லை.

இதைவிட வலுவான எதிர்வாதம் ஒன்று உண்டு, அதை நான் எளிதில் ஒதுக்க மாட்டேன். "பொருள்தானே, போனால் போகட்டும்" என்பது காப்பீடும் வங்கிச் சேமிப்பும் உள்ளவர்களின் பேச்சு. ஒரே ஒரு மாட்டையோ ஒரே ஒரு வண்டியையோ நம்பிப் பிழைக்கும் குடும்பத்துக்கு அது களவு போவது பல ஆண்டு உழைப்பு போவதற்குச் சமம் என்கிறார்கள். உண்மைதான். காவல் துறை எப்போதாவதுதான் பொருளை மீட்டுத் தருகிறது என்ற எரிச்சலும் உண்மைதான். ஆயினும் அந்த இழப்பு எவ்வளவு கொடியதானாலும் ஈடுசெய்யக்கூடியது, ஈடுசெய்யப்பட வேண்டியது. அதைச் செய்யத் தவறும் அரசின் குறைக்கு ஓடுகிறவனின் உயிர் விலையாக முடியாது. பாலைவனத்தில் ஒருவரிடம் இருக்கும் கடைசிக் குடிநீரைப் பறிப்பது போன்ற நிலை வேறு. அங்கே காக்கப்படுவது தண்ணீரின் விலை அன்று, அதைக் குடித்தால் மட்டுமே பிழைக்கும் உயிர்.

எனக்குச் சற்றும் தயக்கம் இல்லாத இடம் பொறி வைப்பது. அமெரிக்காவின் அயோவா மாநிலத்தில் ஆளில்லாத பழைய பண்ணை வீட்டின் உள்ளே, கதவைத் திறந்தால் சுடும்படி துப்பாக்கியைக் கட்டி வைத்தார்கள். பழைய புட்டிகளைத் தேடி நுழைந்தவரின் கால் சிதைந்தது. அவருக்கு 30,000 டாலர் தர வேண்டும் என்ற தீர்ப்பை 1971இல் அம்மாநில உச்ச நீதிமன்றம் உறுதிசெய்தது. திருடனுக்கா நஷ்டஈடு என்று அன்று பலர் கொதித்தார்கள். இந்தியாவிலோ கழிப்பறையைப் பிறர் பயன்படுத்தாமல் இருக்க மின்கம்பி போட்டு வைத்ததில் ஒரு பெண் இறந்தார். சொத்தைக் காக்கும் உரிமை இதற்குப் பொருந்தாது என்று 1963இல் உச்ச நீதிமன்றம் சொன்னது. வந்தவர் திருடனா, வழி தவறிய குழந்தையா, தீயணைக்க ஓடிவந்தவரா என்று கம்பிக்குத் தெரியாது. வைத்தவருக்கோ அந்த நேரத்தில் அச்சம் எதுவும் இல்லை. அமைதியாக உட்கார்ந்து திட்டமிட்டுச் செய்த வேலை அது.

அதே காரணத்தால், நள்ளிரவில் பதறி எழுந்து அளவுக்கு மீறித் தாக்கிவிட்டவரைக் கொலைகாரராகப் பார்ப்பதையும் நான் ஏற்கவில்லை. குழப்பத்தாலோ அச்சத்தாலோ திகிலாலோ தற்காப்பின் எல்லையைக் கடந்தவருக்குத் தண்டனை இல்லை என்று ஜெர்மானியத் தண்டனைச் சட்டத்தின் 33ஆம் பிரிவு சொல்கிறது. கோபத்தையும் பழியுணர்ச்சியையும் அது அந்தப் பட்டியலில் சேர்க்கவில்லை. மற்ற நாடுகளின் சட்டங்களிலும் இதே சொற்களில் ஒரு பிரிவு வேண்டும் என்று விரும்புகிறேன். ஓடுகிறவனைச் சுட இடம் தரும் விதிகளை நீக்கிவிட்டு.