புள்ளி வைக்கட்டும்; பல்லை எடுப்பதை நாம் முடிவு செய்வோம்

பல் சீரமைப்பு மருத்துவத்தில் செயற்கை நுண்ணறிவு வேண்டுமா வேண்டாமா என்று இன்னும் விவாதிப்பதில் பயனில்லை, அது வந்துவிட்டது. எந்த வேலையை அதனிடம் விடலாம், எதை விடக்கூடாது என்பதில்தான் எனக்குக் கறாரான கருத்து உண்டு.

பக்கவாட்டுத் தலை எக்ஸ்ரேயில் செல்லா (மண்டையோட்டின் அடியிலுள்ள குழியின் நடு), நேசியன் (மூக்கெலும்பு நெற்றியெலும்போடு சேரும் இடம்) முதலிய புள்ளிகளைக் குறித்து, கோணங்களை அளந்து, தாடைகளின் நிலையைக் கணிப்பது எங்கள் அன்றாடப் பணி. ஒளிப்பெட்டியின் மேல் படத்தை வைத்து மெல்லிய தாளில் பென்சிலால் வரைந்த அந்த வேலையை மென்பொருள் இன்று சில நொடிகளில் அலுப்பில்லாமல் முடிப்பதை மனதார வரவேற்கிறேன். ஆயினும் எல்லாப் புள்ளிகளும் ஒன்றல்ல. செல்லாவுக்கு எலும்பில் தெளிவான குழி இருக்கிறது. காதுத்துளையின் மேல்விளிம்பான போரியனிலோ இரு பக்க நிழல்களும் ஒன்றன்மேல் ஒன்று விழுவதோடு, தலையை அசையாமல் நிறுத்தும் காதுத் தண்டின் நிழலும் அதை மறைக்கக்கூடும். அங்கே புள்ளி சற்று ஏறினாலும் இறங்கினாலும் போரியனையும் கண்குழியின் கீழ்விளிம்பையும் இணைக்கும் பிராங்க்ஃபர்ட் தளம் சாய்ந்து, அதைச் சார்ந்த அளவுகள் அத்தனையும் மாறிவிடும். ஆகவே மென்பொருள் தரும் அளவுகளின் அட்டவணையைப் படிக்கும் முன் புள்ளிகளைப் பார்ப்பது மருத்துவரின் கடமை.

என் மறுப்பு அடுத்த கட்டத்தில் தொடங்குகிறது. பற்களை எடுத்து இடம் உண்டாக்குவதா, எடுக்காமலே வரிசைப்படுத்துவதா என்ற கேள்வியில் அமெரிக்கப் பல் சீரமைப்பு மருத்துவர்களான எட்வர்ட் ஆங்கிள் எடுக்காத பக்கமும் கால்வின் கேஸ் எடுக்கும் பக்கமுமாக நின்ற சச்சரவு 1911இலேயே வெடித்தது; ஆங்கிளின் மாணவரான சார்லஸ் ட்வீடே பின்னாளில் பல்லெடுக்கும் பக்கம் திரும்பினார். ஒரே நோயாளிக்கு இரு நல்ல மருத்துவர்கள் இரு விதமாகச் சொல்லும் இவ்விடத்தில், பழைய கோப்புகளில் மருத்துவர்கள் எடுத்த முடிவுகளையே சரியான விடையாகக் கொண்டு பழகிய மென்பொருள், அவர்களின் வழக்கத்தைக் கற்கிறதே தவிர, அந்த முடிவு நோயாளிக்கு நன்மை செய்ததா என்பதைக் கற்பதில்லை. எத்தனை விழுக்காடு ஒத்துப்போனாலும் அது ஒத்துப்போதல் மட்டுமே.

பற்களின் மேல் மாட்டி அவற்றை நகர்த்தும் ஒளிபுகும் உறைகளான அலைனர்களுக்குப் போடும் திட்டங்களில் திரையில் பற்கள் வழுக்கிக்கொண்டு வரிசையில் நிற்கும் காட்சியையும் இப்படித்தான் பார்க்க வேண்டும். (நோயாளிகள் அதைப் பார்த்துத்தான் மயங்குகிறார்கள்.) திட்டமிட்ட நகர்வில் சராசரியாக 41 விழுக்காடே வாயில் நிகழ்ந்தது என்று 2009இல் வெளிவந்த ஓர் ஆய்வு கண்டது, 2020இல் வெளிவந்த தொடர் ஆய்விலும் அது 50 விழுக்காடுதான். எலும்பின் கனமும் ஈறின் நிலையும் நோயாளியின் ஒத்துழைப்பும் திரைக்குக் கட்டுப்படுவதில்லை.

எனவே இத்தகைய மென்பொருளை விற்க வருபவரிடம் நான் கேட்பது இரண்டே கேள்விகள்: எந்த வயதினர், எந்த முக அமைப்பினரின் படங்களைக் கொண்டு இதைப் பழக்கினீர்கள்? சிகிச்சை முடிந்து, பற்கள் பழைய இடத்துக்குத் திரும்பாமல் தாங்கும் ரிட்டெய்னரைக் கழற்றிய சில ஆண்டுகளுக்குப் பிறகு அந்தப் பற்கள் எப்படி இருந்தன என்ற பதிவு உங்களிடம் உண்டா?