தீனி குறைந்த பூனைக்குத் திமிரா?

விசைப்படகுகளுக்கான 61 நாள் தடைக்காலம் ஏப்ரல் 15 அன்று தொடங்கியதும், காசிமேட்டில் மீன் வெட்டும் இடங்களைச் சுற்றித் திரியும் பூனைகளுக்குத் தலையும் குடலும் குறைந்துபோகின்றன. ஃபைபர் படகுகளின் மீன் வந்துகொண்டுதான் இருக்கிறது என்றாலும், பழைய அளவு இல்லை. அந்த நாட்களில் யாரேனும் இரக்கப்பட்டு வைக்கும் பால்சோற்றை முகர்ந்து பார்த்துவிட்டு நகரும் பூனையைப் பார்த்து, "மீனு துன்னு பழகின திமிரு" என்று சொல்லிவிடுகிறோம். எனக்கு இதில் உடன்பாடில்லை.

உளவியலாளர் லியோ கிரெஸ்பி 1942ஆம் ஆண்டில் வெளியிட்ட எலி ஆய்வு இதற்கு முக்கியமானது. ஓடுபாதையின் முடிவில் 256 சிறு தீனி உருண்டைகளைப் பெற்றுப் பழகிய எலிகளுக்கு அவர் திடீரென 16 உருண்டைகளை மட்டுமே வைத்தார். அவற்றின் வேகம் குறைந்ததில் வியப்பில்லை. ஆனால் தொடக்கத்திலிருந்தே 16 உருண்டைகளை மட்டும் பெற்றுவந்த எலிகளின் வேகத்துக்கும் கீழே அது இறங்கியதுதான் கவனிக்க வேண்டியது. இரு கூட்டத்துக்கும் இப்போது கிடைப்பது ஒரே தீனிதான் என்னும்போது, வேறுபாடு தட்டில் இல்லை, எதிர்பார்ப்பில்தான் இருக்கிறது. அதற்கு முன்பே, 1928இல், டிங்கிள்பா என்னும் ஆய்வாளர், குரங்கின் கண்ணெதிரே கோப்பைக்கடியில் வாழைப்பழத்தை மறைத்துவிட்டு, பிறகு அதற்குத் தெரியாமல் லெட்யூஸ் என்னும் கீரையின் இலையை மாற்றி வைத்தார். மற்ற வேளைகளில் அந்த இலையைத் தின்னும் குரங்கு, அப்போது அதைத் தொடாமல் கோப்பையைச் சுற்றிலும் தேடியது; சில வேளைகளில் அங்கிருந்தவர்களைப் பார்த்துக் கத்தியது.

"பசித்தால் தானாகத் தின்னும்" என்பார்கள். உண்மைதான். 32 சதவீதச் சர்க்கரைக் கரைசலிலிருந்து 4 சதவீதத்துக்கு மாற்றப்பட்ட எலிகள் சில நாட்களில் பழையபடி குடிக்கத் தொடங்கின. ஆனால் இடைப்பட்ட நாட்களில் நடப்பது வெறும் அடம் அல்ல. சார்லஸ் ஃபிளாஹெர்ட்டியும் அவருடைய குழுவினரும் ஆராய்ந்தபோது, மாற்றத்துக்குப் பின் இரண்டாம் நாளில் எலிகளின் இரத்தத்தில் மன அழுத்த ஹார்மோன் உயர்ந்திருந்தது. பதற்றம் தணிக்கும் குளோர்டையசெபாக்சைடு மருந்து முதல் நாளில் பலன் தராமல், இரண்டாம் நாளில் பலன் தந்தது. முதல் நாள் தேடலாகவும் மறுநாள் வேதனையாகவும் இருக்கிறது என்றே நான் இதைப் புரிந்துகொள்கிறேன். காசிமேட்டுப் பூனையின் மனத்தில் இதுவேதான் நடக்கிறது என்று அடித்துச் சொல்ல மாட்டேன். திமிர் என்று தீர்ப்பளிப்பதற்கு முன் இப்படியொரு விளக்கம் இருக்கிறது என்பதே என் வாதம்.

எனவே, ஞாயிறன்று பிரியாணி எலும்பைக் கொட்டிவிட்டு, திங்களன்று இரண்டு பிஸ்கட்டைப் போட்டு, நாய் முகம் திருப்பினால் கோபித்துக்கொள்ளும் ராயபுரத்து நண்பர்களிடம் நான் கேட்பது, நாள்தோறும் தரக்கூடிய அளவையே தாருங்கள் என்பதுதான். குறைத்தே ஆக வேண்டுமென்றால் சிறிது சிறிதாகக் குறைக்கலாம். எலிகளில் அப்படிக் குறைத்தபோது இந்த அளவுமீறிய சரிவு தோன்றவில்லை. நாய்களைப் பொறுத்தவரை ஆய்வு முடிவுகள் ஒன்றுபோல் இல்லை என்பதையும் சொல்லிவிடுகிறேன்.

எல்லா உயிர்களும் இப்படி நடந்துகொள்வதில்லை. தேனீக்களிடம் இதையொத்த விளைவு காணப்பட்டிருக்கிறது. பிட்டர்மேன் என்னும் ஆய்வாளர் சோதித்த தங்கமீன்களோ, தீனி குறைந்த பிறகும் பழைய வேகத்திலேயே நீந்தின. புறாக்களிடமும் பல சோதனைகளில் எலிகளுக்குரிய சரிவு தென்படவில்லை. வியாசர்பாடி மொட்டைமாடிகளில் புறா வளர்ப்பவர்கள் இதை ஒப்புக்கொள்ள மாட்டார்கள். தீனியாகப் போடும் கம்புத் தானியத்தைக் குறைத்தால் தம் புறாக்கள் கோபித்துக்கொள்வதாக அவர்கள் உறுதியாகச் சொல்கிறார்கள். எப்போதும் குறைந்த தீனியே பெற்றுவந்த இன்னொரு கூண்டுப் புறாக்களோடு ஒப்பிட்டுக் காட்டினால் நானும் ஏற்றுக்கொள்கிறேன்.