நல்ல நாளையும் எழுதி வையுங்கள்

போன சனிக்கிழமை மிட்மார் அணையில், தண்ணீர் எவ்வளவு தெளிவாக இருக்கிறது என்று பார்க்க, ஒரு தட்டைக் கயிற்றில் கட்டி இறக்கினோம். ஒரு மீட்டர் எழுபதில் கண்ணிலிருந்து மறைந்தது. மேலே இழுக்கும்போது ஒரு மீட்டர் அறுபதில் மறுபடி தெரிந்தது. இரண்டுக்கும் நடுவே 1.65 என்று குறித்துக்கொண்டேன். வெயில், லேசான காற்று, தண்ணீரில் வாடை இல்லை. அவ்வளவுதான். கூட வந்த பையன், என் தமிழ் வகுப்பில் படிப்பவன், "டீச்சர், ஒண்ணுமே நடக்கலையே, இதையும் எழுதணுமா?" என்று கேட்டான்.

படகில் வைத்து அவனுக்கு ஒரு வரியில் பதில் சொன்னேன். அது போதாது என்று இரண்டு நாளாக மனசு அரித்துக்கொண்டே இருக்கிறது. அதனால்தான் இந்த நீளமான பதிவு.

தெரியாதவர்களுக்கு முதலில் சொல்லிவிடுகிறேன். நான் இருப்பது தென்னாப்பிரிக்காவில், பீட்டர்மாரிட்ஸ்பர்க், நார்த்டேல். மாதம் ஒரு சனிக்கிழமை நாங்கள் ஒன்பது பேர் தண்ணீர் பார்க்கப் போகிறோம். தமிழர், ஜூலு, வெள்ளைக்காரர் எல்லாரும் உண்டு. ஒருவர் ஓய்வுபெற்ற நர்ஸ், ஒருவர் பஸ் ஓட்டியவர், இரண்டு பேர் கல்லூரிப் பிள்ளைகள். விஞ்ஞானி என்று யாரும் இல்லை.

தட்டு என்று நாங்கள் சொல்வது 20 சென்டிமீட்டர் அகலத்தில் ஒரு வட்டம். கறுப்பும் வெள்ளையும் மாறி மாறி நாலு கால்பங்காக அடித்திருக்கும். அடியில் ஒரு எடை, மேலே பத்து சென்டிமீட்டருக்கு ஒரு குறி போட்ட கயிறு. 1865இல் செக்கி என்ற இத்தாலியப் பாதிரியார், வானவியல் படித்தவர், போப்பாண்டவரின் கப்பலிலிருந்து மத்தியதரைக் கடலில் ஒரு வெள்ளைத் தட்டை இறக்கிப் பார்த்ததில் ஆரம்பித்தது இது. நூற்றைம்பது வருஷத்துக்கு மேல் ஆகியும் உலகம் முழுக்க ஏரி பார்ப்பவர்கள் இதைத்தான் இறக்குகிறார்கள். வெயில் நன்றாக இருக்கிற பகல் நேரத்தில், படகின் நிழல் பக்கம், கூலிங் கிளாஸைக் கழற்றிவிட்டுப் பார்க்க வேண்டும். மறையும் ஆழம், திரும்பத் தெரியும் ஆழம், இரண்டின் சராசரி. பத்து வயதுப் பிள்ளைகூடச் செய்துவிடும்.

ஏன் மிட்மார்? எங்கள் வீட்டுக் குழாயில் வருவது அந்தத் தண்ணீர்தான். டர்பன்வரை அதைத்தான் குடிக்கிறார்கள். இந்த நாட்டில் இயற்கையான நன்னீர் ஏரிகள் மிகக் குறைவு. வடக்கே சிபாயா ஏரி மாதிரி விரல்விட்டு எண்ணிவிடலாம். நாம் ஏரி என்று போய் உட்கார்ந்து பிரியாணி சாப்பிட்டுவிட்டு வருவதெல்லாம் பெரும்பாலும் அணைகள். அணையில் தண்ணீர் நின்று நிதானமாகக் கிடக்கும். அதற்குள் சாக்கடை கலந்தால் அதிலிருக்கும் பாஸ்பரஸ் பாசிக்கு உரமாகிவிடும். பாசி பெருகினால் தட்டு சீக்கிரம் மறையும். மறையும் ஆழம் குறைந்துகொண்டே வந்தால் தண்ணீரில் ஊட்டம் அதிகமாகி வருகிறது என்று பொதுவாக எடுத்துக்கொள்வார்கள். மழைக்குப் பிறகு செம்மண் கலங்கலாலும் மறையும், அதனால் மழையையும் பக்கத்திலேயே எழுதிவைக்க வேண்டும். முற்றிப்போனால் எப்படி இருக்கும் என்று பார்க்க ஆசைப்படுபவர்கள் ஹார்ட்பீஸ்போர்ட் அணைக்குப் போய்ப் பாருங்கள். ஒரு பருவத்தில் பச்சைப் பெயின்ட் ஊற்றினாற்போல் நீலப்பச்சைப் பாசி, இன்னொரு பருவத்தில் தண்ணீரே தெரியாமல் ஆகாயத்தாமரை. அங்கே கரையோரம் குடியிருப்பவர்கள் ஆகாயத்தாமரையின் சாற்றை உறிஞ்சும் ஒரு குட்டிப் பூச்சியைத் தங்கள் வீட்டுத் தொட்டிகளில் வளர்த்து அணையில் விடுகிறார்கள். பார்த்து அசந்துபோனேன்.

அணையில் தட்டு. அணைக்குள் வரும் ஓடைகளில் பூச்சி. எனக்குப் பிடித்தது இந்த இரண்டாவது வேலைதான்.

மினிசாஸ் என்பது, ஓடையில் வாழும் பூச்சிகளை வைத்துத் தண்ணீரின் தரம் பார்க்க இந்த நாட்டிலேயே உருவான முறை. ஓடும் தண்ணீருக்கு மட்டும்தான் பொருந்தும், தேங்கிய தண்ணீருக்கு ஆகாது. ஓடையில் இறங்கிக் கல்லைப் புரட்டி, வலையில் விழுவதை ஒரு வெள்ளை ஐஸ்கிரீம் டப்பாவில் கொட்டிப் பார்க்க வேண்டும். வெள்ளையில்தான் பூச்சி தெரியும். முதலில் வெறும் சருகும் மணலுமாகத்தான் இருக்கும். ஒரு நிமிஷம் அசையாமல் பார்த்துக்கொண்டே இருந்தால் மணல் நடக்க ஆரம்பிக்கும். வாலில் மூன்று மயிரிழையோடு ஒன்று ஊரும், அது மேஃப்ளையின் குஞ்சு. வயிற்றின் இரண்டு பக்கமும் செவுள்கள் விசிறி மாதிரி அடித்துக்கொண்டிருக்கும். மணலையும் குச்சியையும் ஒட்டித் தனக்கென்று ஒரு உறை செய்துகொண்டு அதை இழுத்துக்கொண்டே போகும் ஒன்று. தும்பியின் இளம்புழு, நண்டு, அட்டை, நத்தை. மொத்தம் 13 வகை. ஒவ்வொன்றுக்கும் ஒரு மதிப்பெண். சுத்தமான தண்ணீரில் மட்டும் பிழைக்கிற ஸ்டோன்ஃப்ளை என்ற பூச்சிக்கு 17. எந்தச் சாக்கடையிலும் வாழ்கிற புழுவுக்கும் அட்டைக்கும் 2. எத்தனை வகை கிடைத்ததோ அதன் மதிப்பெண்களைக் கூட்டி, வகைகளின் எண்ணிக்கையால் வகுத்தால் அந்த ஓடையின் நிலை. ஒரே ஒரு நாள் வந்து புட்டியில் தண்ணீர் பிடித்துப் போகும் சோதனை அந்த நேரத்துத் தண்ணீரைத்தான் சொல்லும். பூச்சி அங்கேயே குடியிருக்கிறது. போன வாரம் ராத்திரியோடு ராத்திரியாக யார் எதைத் திறந்துவிட்டாலும் அது அனுபவித்திருக்கும்.

இப்போது பையனின் கேள்விக்கு வருகிறேன்.

சில வருஷங்களுக்கு முன்னால், ஒரு ஜூலை மாதம். குளிர்காலம், மழை இல்லை, ஓடையில் தண்ணீர் குறைவு. நாங்கள் வழக்கமாகப் பார்க்கும் ஓடையில் இறங்கும்போதே ஒரு மாதிரி இருந்தது. கல்லெல்லாம் சாம்பல் நிறத்தில் வழவழவென்று, பஞ்சு ஒட்டினாற்போல். டப்பாவில் நாலே வகை. புழு 2, அட்டை 2, ஈப்புழு 2, நத்தை 4. கூட்டி நாலால் வகுத்தால் 2.5. மேலே நடந்து போய்ப் பார்த்தோம். புதருக்குள் ஒரு மேன்ஹோல் மூடி எழும்பிக் கழிவு பொங்கி ஓடைக்குள் இறங்கிக்கொண்டிருந்தது. போட்டோ எடுத்து, உரிய அலுவலகத்துக்கு எழுதினோம். வந்த பதில்: அந்த ஓடை எப்பவுமே அப்படித்தான், ஏழை மக்கள் குடியிருக்கும் பகுதி, குப்பை போடுவார்கள்.

எப்பவுமே அப்படித்தான் என்ற அந்த வார்த்தைக்கு எங்களால் பதில் சொல்ல முடிந்தது, ஏன் தெரியுமா? அதற்கு முந்தைய பதினோரு மாதமும் நாங்கள் எழுதி வைத்திருந்தோம். மே மாதத்தில் மட்டும் எட்டு வகை. கூட்டினால் 48, சராசரி 6. மற்ற மாதங்களிலும் 6ஐ ஒட்டித்தான். அதாவது ஒன்றுமே நடக்காத பதினோரு சனிக்கிழமைகள். அந்தத் தாளை அப்படியே அனுப்பினோம். மூன்றாவது வாரம் ஆள் வந்து அடைப்பை எடுத்தார்கள். நாங்கள் அந்த நாறிய நாளை மட்டும் எழுதி அனுப்பியிருந்தால் அது ஒரு புகார், ஆயிரத்தோடு ஆயிரத்தொன்று. பக்கத்தில் பதினோரு நல்ல நாள் இருந்ததால்தான் அது சாட்சியானது.

மனுஷ சுபாவம் எப்படி என்றால், நாற்றம் அடிக்கும்போதுதான் போனை எடுக்கிறோம். மீன் செத்து மிதந்தால் வீடியோ, வாட்ஸ்அப், கோபம், மறுவாரம் மறந்துபோய்விடும். கெட்டதை மட்டும் எழுதினால் ஏரியைப் பற்றி நமக்கு ஒன்றுமே தெரியாது. எது வழக்கம், எது மாற்றம் என்று பிரிக்க முடியாது. எங்கள் குழுவுக்கே அந்த அனுபவம் உண்டு. ஒரு ஓடையில் சலிப்பாகி ஏழெட்டு மாதம் போகாமல் விட்டுவிட்டோம். 2022 ஏப்ரலில் அந்தப் பெருவெள்ளம் வந்தது. இந்த மாகாணத்தில் 400க்கும் மேற்பட்ட உயிர்கள் போயின. அதற்குப் பிறகு போய்ப் பார்த்தபோது ஓடை வேறு மாதிரி இருந்தது. வெள்ளத்தால் மாறியதா, முன்பே கெட்டுப்போயிருந்ததா? எங்கள் தாளில் அந்த இடம் வெற்றாகக் கிடக்கிறது. அந்த வெற்றிடத்தைப் பார்க்கும்போதெல்லாம் எனக்கு வருத்தமாக இருக்கும்.

அரசாங்கம் இதையெல்லாம் பார்க்காதா என்று கேட்பவர்களுக்கு ஒரு விஷயம். கழிவுநீர் நிலையங்களைத் தரம் பார்க்கும் க்ரீன் டிராப் திட்டம் 2008இல் தொடங்கியது, நல்ல திட்டம். ஆனால் 2013க்கு அடுத்த முழு அறிக்கை 2022இல்தான் வந்தது. வந்தபோது 334 நகராட்சிக் கழிவுநீர் அமைப்புகள் படுமோசமான நிலையில் இருப்பதாகச் சொன்னது. அந்த நடுவருஷங்களில் நம் ஆறுகளில் என்ன நடந்தது என்று தெரிய வேண்டுமானால், விடாமல் எழுதி வைத்த சாதாரண ஜனங்களைத்தான் கேட்க வேண்டும். மிட்மாருக்கு மேலே ம்போபோமேனியில் அந்த ஊர்ப் பிள்ளைகளே என்விரோ சாம்ப்ஸ் என்ற பெயரில் வீதி வீதியாகப் போய் எந்த மேன்ஹோல் பொங்குகிறது, எத்தனை நாளாகப் பொங்குகிறது என்று பதிவு செய்தார்கள். அவர்களைப் பார்த்துத்தான் நாங்கள் கற்றுக்கொண்டோம்.

ஆர்வக்கோளாறில் தப்பாக எழுதமாட்டார்களா என்பார்கள். எழுதுவோம். நான் முதல் வருஷம் 5 மதிப்பெண் மேஃப்ளையை 11 மதிப்பெண் மேஃப்ளை என்று போட்டிருக்கிறேன். இப்போது இரண்டு பேர் தனித்தனியாக எண்ணுகிறோம், சந்தேகம் வந்தால் போட்டோ எடுத்துத் தெரிந்தவர்களிடம் காட்டுகிறோம். ஆய்வகத்துக்குப் பதிலாக எங்களை வைத்துக்கொள்ளுங்கள் என்று சொல்லவில்லை. ஆய்வகம் எங்கே, எப்போது வர வேண்டும் என்று சொல்ல எங்களால் முடியும். இன்னொரு குறை நியாயமானது: சம்பளம் கொடுத்துச் செய்ய வேண்டிய வேலையைத் தன்னார்வம் என்ற பெயரில் ஓசியில் வாங்குகிறார்கள் என்பது. வீடு, கார், பென்ஷன் உள்ளவர்கள் மாதம் ஒரு காலை கொடுப்பது சரி. வேலையில்லாத பிள்ளைகளைத் தினம் தினம் அலையவிட்டுச் சும்மா அனுப்பக் கூடாது. அவர்களுக்குப் பணம் கொடுக்க வேண்டும், இதில் எனக்கு இரண்டு பேச்சு இல்லை.

அப்புறம், நம் ஆட்களுக்கு.

என் மாமியார் டூசி ஆற்றங்கரையில் வளர்ந்தவர். "அப்போல்லாம் கரகத்துக்கு ஆத்துத் தண்ணியத்தான் மோந்துக்குவோம். இப்போ வீட்டுப் பைப்புல பிடிச்சுக்கிட்டுப் போறோம்" என்பார். அதே டூசியில் படகுப் போட்டிக்குப் போய் வருபவர்களின் வயிற்றுப்போக்குக்கு டூசி கட்ஸ் என்று பெயரே வைத்துவிட்டார்கள். மஞ்சள் நீர், காவடி, ஆடிக் கூழ், புரட்டாசி, பெரிய வெள்ளிக்கிழமைத் தீமிதி, இத்தனையும் விடாமல் வைத்திருக்கும் சமூகம் நாம். ஒவ்வொரு கோவிலும் தனக்குப் பக்கத்தில் ஓடும் தண்ணீரில் ஒரே ஒரு இடத்தை எடுத்துக்கொண்டு மாதம் ஒருமுறை அளக்கட்டும் என்கிறேன். கோவில் கமிட்டிக்கு இது புதிதில்லை. உத்திரமேரூர்க் கல்வெட்டில், ஆயிரத்து நூறு வருஷத்துக்கு முன்னால், ஏரி வாரியம் என்றே ஒரு குழு இருந்தது, குடவோலை போட்டு ஆள் எடுத்தார்கள், 360 நாள் பதவி. சிவகங்கைப் பக்கம் எங்கள் தாத்தா கண்மாயின் நீர்பாய்ச்சி. தினமும் விடிகாலையில் கலுங்குக் கல்லில் தண்ணீர் எந்த வரிவரை நிற்கிறது என்று பார்த்துவிட்டு வருவார். "நேத்து மாதிரியேதான்" என்று பாட்டியிடம் சொல்வார். முக்கால்வாசி நாள் அந்த ஒரே பதில்தான். ஒருநாள் காலையில் அப்படிச் சொல்லவில்லை. ஊரைக் கூட்டிக்கொண்டு கரை உடைப்பை அடைக்க ஓடினார்.

பூசைக்குப் போகும்போது தட்டையும் கயிற்றையும் கூட எடுத்துப் போவதில் சாமிக்கு ஒரு குறையும் வராது. பிளாஸ்டிக் பையையும் பழைய துணியையும் தண்ணீரில் விட்டுவிட்டு வருவதுதான் குறை. அதைச் சொன்னால் சில பேருக்குக் கோபம் வருகிறது, வரட்டும்.

அடுத்த மாதம் முதல் சனிக்கிழமை, மழை இல்லையென்றால், காலை ஒன்பது மணிக்கு ஓடைப் பக்கம் இருப்போம். மழை பெய்து மூன்று நாளுக்குள் என்றால் தள்ளிவைத்துவிடுவோம், பூச்சிகள் அடித்துக்கொண்டு போயிருக்கும். வர விருப்பம் உள்ளவர்கள் கம்பூட்ஸ், ரப்பர் கையுறை, கழுவிய வெள்ளை ஐஸ்கிரீம் டப்பா கொண்டு வாருங்கள். கையில் வெட்டுக்காயம் இருந்தால் கரையிலேயே உட்கார்ந்து எழுதலாம், எழுதுவதற்கு எப்போதும் ஆள் தேவை. பேனா வேண்டாம், பென்சில் போதும். நனைந்த தாளில் மை கரைந்துவிடுகிறது.