நாற்காலிச் சண்டைக்கும் நானே மாதக் கட்டணம் கட்ட வேண்டுமா?

கேபிளுக்கு மாதாமாதம் பணம் கட்டுகிறேன். எதற்கு? ஒரு கட்சிக்கு யார் தலைவர் என்று இரண்டு பேர் அடித்துக்கொள்வதைப் பார்க்க. 2019-இல் டிராய் (தொலைத்தொடர்பு ஒழுங்குமுறை ஆணையம்) புது முறையைக் கொண்டுவந்தபோது, பார்க்கிற சேனலுக்கு மட்டும் கட்டினால் போதும் என்றார்கள். சரி என்று பார்த்தால், சேனலுக்கு முன்பே அடிப்படைக் கட்டணம் 130 ரூபாய், ஜிஎஸ்டி சேர்த்து 153 ரூபாய் 40 காசு! காரைக்குடியில் எங்கள் தெரு ஆச்சி ஒருவர் அப்போதே கேட்டார்: "தம்பி, நான் சீரியலுக்குத்தானே பணம் கட்டுனேன். இவுக சண்டைய எதுக்கு அடியில ஓட விடுறாக?" இன்றுவரை என்னிடம் பதில் இல்லை.

அதிமுகவையே எடுத்துக்கொள்ளுங்கள். 2021 தேர்தலில் ஒருங்கிணைப்பாளர் ஓ.பன்னீர்செல்வம், இணை ஒருங்கிணைப்பாளர் எடப்பாடி பழனிசாமி என்று இருவரையும் சேர்த்துக் காட்டித்தான் ஓட்டுக் கேட்டார்கள். அடுத்த ஆண்டே, ஜூலை 11 அன்று, வானகரத்தில் பொதுக்குழு, ராயப்பேட்டையில் கல்வீச்சு, தலைமை அலுவலகத்துக்குச் சீல். அன்றே பன்னீர்செல்வம் கட்சியிலேயே இல்லை. அந்தப் பொதுக்குழு செல்லும் என்று உச்ச நீதிமன்றம் தீர்ப்புச் சொல்ல 2023 பிப்ரவரி ஆகிவிட்டது. பொதுச்செயலாளரை அடிப்படை உறுப்பினர்கள்தான் தேர்ந்தெடுக்க வேண்டும் என்பது எம்.ஜி.ஆர். வைத்த விதி. அதில் புதிதாக நிபந்தனை சேர்த்தார்கள்: போட்டியிட வேண்டுமானால் 10 மாவட்டச் செயலாளர்கள் முன்மொழிய வேண்டும், 10 பேர் வழிமொழிய வேண்டும். அப்புறம் என்ன, போட்டியே இல்லை! யார் நல்லவர், யார் கெட்டவர் என்ற வழக்குக்கே நான் வரவில்லை. ஓட்டு வாங்கும்போது ஒரு விதி, வாங்கிய பிறகு வேறு விதி. அதைத்தான் கேட்கிறேன்.

இந்தக் கட்சி மட்டும் என்று சண்டைக்கு வராதீர்கள். பாமகவில் அப்பா ராமதாஸுக்கும் மகன் அன்புமணிக்கும் நடந்ததை ஊரே பார்த்தது. ஜனநாயகத்துக்கே பாடம் எடுக்கும் பிரிட்டனில் 2022-இல் ஒரே ஆண்டில் மூன்று பிரதமர்கள், இடையில் பொதுத்தேர்தலே கிடையாது. லிஸ் டிரஸ்ஸைத் தேர்ந்தெடுத்த போட்டியில் ஓட்டுப் போட்டவர்கள் ஒன்றரை லட்சம் பேர்கூட இல்லை. எல்லாரும் கட்சிக்குச் சந்தா கட்டியவர்கள்.

என் கடையின் பில்லிங் சாப்ட்வேரும் இதே வேலையைத்தான் செய்தது. முதலில் ஒரே தடவை பணம், சிடி கையில், ஆயுளுக்கும் உங்களுடையது என்றார்கள். பிறகு 'மேம்படுத்துகிறோம்' என்று வந்து மாற்றிக் கொடுத்தார்கள். அதோடு ஆண்டுக் கட்டணம் ஒட்டிக்கொண்டது. முகூர்த்த நெருக்கம், தேவகோட்டையிலிருந்து சீர்ச் சாமான் எடுக்க வந்தவர்கள், தராசில் பித்தளை அண்டா, கல்லாவில் பெண்ணின் தாய்மாமன் பணத்தை எண்ணிக்கொண்டு நிற்கிறார். திரையில் 'உங்கள் திட்டம் காலாவதியானது'. பில் போட முடியாதது போகட்டும், கையால் எழுதிக் கொடுத்துவிடலாம். யார் யார் எனக்கு எவ்வளவு பாக்கி என்ற கணக்கையும் சேர்த்துப் பூட்டிவிட்டார்கள்! என் கணக்கு. நான் உட்கார்ந்து தட்டியது. அதைத் திறந்து பார்க்க நான் வாடகை கொடுக்க வேண்டுமாம்.

செல்போன்காரர்கள் இன்னும் கெட்டி. மாதம் என்றால் 28 நாள், ஆண்டுக்கு 13 ரீசார்ஜ். முப்பது நாள் திட்டம் ஒன்றாவது வையுங்கள் என்று 2022-இல் டிராய் உத்தரவு போட வேண்டியிருந்தது. அந்தத் திட்டத்தைப் பட்டியலில் தேடிக் கண்டுபிடிப்பதற்குள் டேட்டா தீர்ந்துவிடும். அதே ஆண்டு பிஎம்டபிள்யூ சில நாடுகளில் கார் சீட்டைச் சூடாக்க மாதக் கட்டணம் கேட்டது. நல்லவேளை, சித்திரை மாதம் காரைக்குடியில் காரை வெயிலில் நிறுத்தினால் அந்த வசதி இலவசம்.

திரும்பத் திரும்பக் கட்டுவது எங்கள் பக்கத்துக்குப் புதிதில்லை. நகரத்தார் கோயில்களில் புள்ளி வரி உண்டு, திருமணமான ஒரு தம்பதி ஒரு புள்ளி. கட்டியவர் கூட்டத்தில் எழுந்து, அந்தச் செலவு எதற்கு, இந்தத் தொகை எங்கே என்று கேட்கலாம். கேட்பார்கள், குரலும் உயரும். இந்த சாப்ட்வேர்க்காரர்களிடம் விலை ஏன் கூடியது என்று கேட்டேன். ஒரு புகார் எண் கொடுத்து, அன்றைய சேவை எப்படி இருந்தது, நட்சத்திரம் போடுங்கள் என்றார்கள்.

வங்கிச் செயலிக்குள் போய், அவர்களுக்குப் பணம் தானாகப் போகும் ஆட்டோபேயை நிறுத்திவிட்டேன். மறுநாளே போன், தேர்தலுக்கு முந்தைய வாரத்துக் கட்சிக்காரர் மாதிரி அத்தனை மரியாதை: "சார், உங்களுக்காக மூணு மாசம் இலவசமாத் தர்றோம், சார்." இலவசமாம்! முதலில் என் பாக்கி நோட்டைத் திறந்துவிடு, அப்புறம் பேசலாம் என்றேன். மேலிடத்தில் கேட்டுச் சொல்கிறாராம்.