ஏற்காட்டுக்கு மே மாதத்தில் பழைய கார் எதற்கு?

நேற்று கிளப் கூட்டத்தில் நான் கொஞ்சம் சத்தமாகப் பேசிவிட்டேன் என்று இரண்டு பேர் போன் போட்டுச் சொன்னார்கள். சரி, சத்தம் கூடுதல்தான், அதற்கு மன்னிப்பு. பேசிய விஷயத்தை வாபஸ் வாங்குவதாக இல்லை, அதனால் இங்கே நிதானமாக எழுதிவிடுகிறேன். நம்ம சேலத்துப் பழைய கார் கிளப் வருடத்துக்கு ஒருமுறை நடத்துகிற பெரிய ஷோவை மே மாதம், அதுவும் கோடை விழாக் கூட்டத்துக்கு நடுவில், ஏற்காட்டில் வைப்பதை இதோடு நிறுத்த வேண்டும். மலைக்குப் போக வேண்டாம் என்று சொல்லவில்லை. மே மாதம் போக வேண்டாம் என்கிறேன்.

கிளப்பைத் தெரியாதவர்களுக்கு: முப்பது பேர்கூட இல்லை. அம்பாசடர், பத்மினி, அதற்கு முந்தைய ஃபியட், இரண்டு மோரிஸ் மைனர், ஒரு ஆஸ்டின் ஏ-40, எஸ்டேட்காரர் ஒருவரின் வில்லிஸ் ஜீப், அப்புறம் என்னுடைய 1966 ஸ்டாண்டர்டு ஹெரால்டு. ஹெரால்டு நம்ம ஊர் வண்டி என்பது பலருக்குத் தெரியாது. இங்கிலாந்தின் டிரையம்ஃப் ஹெரால்டுதான், இத்தாலிக்காரர் மிக்கெலோட்டி வரைந்த உருவம்தான், ஆனால் இங்கே 1961 முதல் அதைச் செய்து விற்றது சென்னையில் வண்டலூர்ப் பக்கம் இருந்த ஸ்டாண்டர்டு மோட்டார்ஸ். எனக்கு அது தாய்மாமாவிடமிருந்து வந்தது. வந்தது என்றால், ஆத்தூர்ப் பக்கம் ஒரு ஷெட்டில் மக்காச்சோள மூட்டைக்குக் கீழே கிடந்ததை லாரியில் ஏற்றிக்கொண்டு வந்தேன். இரண்டு வருடம் டிங்கரிங். ஹப் கேப்புக்கு மெருகு போட்டுக் கொடுத்தவர் செவ்வாய்ப்பேட்டையில் கொலுசுக்கு மெருகு போடுகிறவர், அதனால் என் வண்டியின் சக்கரம் மட்டும் கல்யாணப் பெண் மாதிரி இருக்கும், மற்றதெல்லாம் சுமார்.

போன மே மாதம் நடந்ததைச் சொல்கிறேன். காலை ஆறு மணிக்குக் கிளம்புவதாகத்தான் திட்டம். ஏற்காடு ரோட்டில் மாடர்ன் தியேட்டர்ஸ் வளைவுக்கு முன்னால் எல்லா வண்டியும் வரிசையாக நின்றது. 1935-ல் டி.ஆர்.சுந்தரம் தொடங்கி நூறு படங்களுக்கு மேல் எடுத்த இடத்தில் இன்று மிச்சம் இருப்பது அந்த வளைவுதான், அதன் கீழே பழைய கார் நின்றால் போட்டோ நன்றாக வரும், அதில் எனக்கு ஆட்சேபம் இல்லை. ஆனால் கொடியசைக்கச் சிறப்பு விருந்தினர் வர வேண்டுமாம். வந்தபோது ஒன்பதே முக்கால். சேலத்து மே மாதம் ஒன்பதே முக்காலுக்கு எப்படி இருக்கும் என்று ஊர்க்காரர்களுக்குச் சொல்ல வேண்டியதில்லை. தார் ரோடே தோசைக்கல். அடிவாரம் போய்ச் சேருவதற்குள் டெம்பரேச்சர் முள் முக்கால் தாண்டிவிட்டது.

மேலே போகப் போகக் குளிரும் என்று எல்லோரும் நினைக்கிறார்கள். ஆளுக்குக் குளிரும், எஞ்சினுக்குக் குளிராது. இருபது கொண்டை ஊசி வளைவு, ஒவ்வொன்றிலும் முன்னால் ஒரு வேன், பின்னால் ஒரு டூரிஸ்ட் பஸ், முதல் கியரிலும் இரண்டாவது கியரிலும் ஊர்ந்துகொண்டே போக வேண்டும். இந்தக் கால வண்டியில் ரேடியேட்டர் ஃபேன் கரண்டில் தனியாகச் சுற்றும். நம்ம வண்டிகளில் எஞ்சினோடு பெல்ட் போட்டுக் கட்டியிருக்கிறது, எஞ்சின் மெதுவாகச் சுற்றினால் ஃபேனும் மெதுவாகத்தான் சுற்றும், எதிர்க்காற்றும் கிடையாது. சூடு ஏற ஏற எஞ்சினில் முடுக்கியிருக்கிற ஏ.சி. பம்பும் சேர்ந்து சூடாகும். (ஏ.சி. பம்ப் என்றால் குளிர்சாதனம் இல்லை, பெட்ரோல் இழுக்கும் பம்ப், அதைச் செய்த கம்பெனியின் பெயர் மெக்கானிக்குகள் வாயில் அப்படியே நின்றுவிட்டது.) பம்புக்குள் இருக்கும் பெட்ரோல் கொதித்து ஆவியாகிவிட்டால் பம்ப் காற்றைத்தான் இழுக்கும், கார்புரேட்டருக்குச் சொட்டுகூடப் போகாது. உயரம் ஏற ஏறப் பெட்ரோல் இன்னும் குறைந்த சூட்டிலேயே கொதிக்கும் என்பது அதற்கு மேல் ஒரு இம்சை.

பன்னிரண்டாவது வளைவைத் தாண்டினேன், பதின்மூன்றில் நின்றுவிட்டது. வளைவின் நட்டநடுவில்.

பக்கத்தில் மெக்கானிக் பாய் உட்கார்ந்திருந்தார். முப்பது வருடமாகப் பழைய வண்டி பார்க்கிறவர், இந்தக் கிளப்பில் பாதி வண்டி ஓடுவது அவர் கையால்தான், ஆனால் ஒரு ஷோவிலாவது அவரை மேடையில் ஏற்றியிருக்கிறோமா என்றால் இல்லை, அதை இன்னொரு நாள் எழுதுகிறேன். நான் சோக்கை இழுக்கிறேன், செல்ஃப் அடிக்கிறேன், பதற்றம். “தொடாதீங்க தம்பி. கால் மணி நேரம் விடுங்க, தானா கிளம்பும்” என்று இறங்கிப் போனார். ஹெரால்டின் பானட் முன்பக்கமாக அப்படியே மட்கார்டோடு சேர்ந்து கவிழும், எஞ்சின் முழுசாக வெளியே தெரியும், டயர் மேல் உட்கார்ந்துகொண்டே வேலை பார்க்கலாம். பாய் தோளில் கிடந்த துண்டை வாட்டர் பாட்டிலில் நனைத்து பம்ப் மேல் சுற்றினார். சுர்ரென்று ஆவி கிளம்பியது. துண்டு காயக் காயத் திரும்பத் திரும்ப நனைத்தார். அதற்குள் பின்னால் ஒரு கிலோமீட்டருக்கு ஹாரன். நாலு பேர் இறங்கி வந்து திட்டினார்கள், எட்டுப் பேர் இறங்கி வந்து செல்ஃபி எடுத்தார்கள், ஒரு சின்னப் பையன் “அங்கிள், இது ஓடுமா?” என்று கேட்டான். அந்த நேரத்தில் அதைவிடக் கொடுமையான கேள்வி இல்லை. இந்தக் கூத்தில் டாஷ்போர்டு மேல் வைத்திருந்த தட்டுவடைப் பொட்டலத்தை ஒரு குரங்கு ஜன்னல் வழியாகக் கைவிட்டு எடுத்துக்கொண்டு போய்விட்டது. கைப்பிடிச் சுவரில் எங்களைப் பார்த்தபடியே உட்கார்ந்து தின்றது.

வண்டி கிளம்பியது, பாய் சொன்ன மாதிரியே. மேலே போய்ச் சேர்ந்தபோது மணி ஒன்றரை. நடுவர்கள் பார்த்து முடித்து, பரிசும் அறிவித்துவிட்டார்கள். முதல் பரிசு வாங்கிய வண்டி உண்மையிலேயே அழகு, பெயின்ட்டில் முகம் பார்க்கலாம். ஆனால் அது முந்தின நாள் ராத்திரியே லாரியில் ஏறி வந்தது. அது மட்டும் இல்லை, வந்த பதினெட்டு வண்டியில் ஏழு லாரியில்தான் வந்தன. அவர்கள் மேல் எனக்குக் கோபம் இல்லை, அந்த வெயிலுக்கும் நெரிசலுக்கும் பயந்துதான் ஏற்றினார்கள், சொந்தப் பணம் போட்டவன் பயப்படத்தான் செய்வான். பயப்படுகிற மாதிரி மாதத்தைத் தேர்ந்தெடுத்தது நாம்தானே. ஓடுகிற வண்டியை ஓட்டாமல் காட்டுவதற்கு ஒரு கிளப் எதற்கு?

இறங்குவது ஏறுவதைவிட மோசம். நாலு சக்கரத்திலும் டிரம் பிரேக். இரண்டாவது கியரில் விட்டு எஞ்சினைக் கொண்டு வேகத்தைப் பிடித்துக்கொண்டே இறங்கினால் ஒன்றும் ஆகாது. ஆனால் முன்னால் போகிற வேன் ஒவ்வொரு பத்தடிக்கும் நின்றால் நாமும் பிரேக்கில் காலை வைத்துக்கொண்டேதான் இறங்க வேண்டும், டிரம் சூடாகி, பெடல் அழுத்தினாலும் வண்டி கேட்காத ஒரு நிலை வரும், அந்த லைனிங் கருகும் வாடை ஒருமுறை மூக்கில் ஏறியவன் மறக்கமாட்டான். ஹெரால்டுக்கு இன்னொரு குணமும் உண்டு. வேகமாகத் திருப்பி நடுவில் ஆக்சிலேட்டரை விட்டால் பின்சக்கரம் உள்ளே மடங்கும். நியாயமாகப் பார்த்தால் கொண்டை ஊசிக்கென்றே பிறந்த வண்டி அது, இருபத்தைந்து அடி வட்டத்துக்குள் திரும்பிவிடும், பஸ் டிரைவர்கள் பொறாமைப்படுவார்கள். காலி ரோடு வேண்டும், அவ்வளவுதான்.

கூட்டத்தில் என்னிடம் கேட்டது இதுதான்: “ஜனம் அங்கேதானே இருக்கு? ஸ்பான்சர் அப்பத்தானே கொடுக்கிறான்?” ஸ்பான்சர் விஷயம் உண்மை, அதற்கு என்னிடம் பதில் இல்லை. ஜனம் விஷயத்தில் இருக்கிறது. கோடை விழாவுக்கு வருகிற ஜனம் அண்ணா பூங்காவில் பூ பார்க்க, ஏரியில் போட்டில் போக, லேடீஸ் சீட்டில் நின்று சேலத்து விளக்குகளைப் பார்க்க வருகிறது. நம் வண்டி அவர்களுக்கு ஒரு செல்ஃபிக்கு முதுகுப்புறம். ஜனம் என்றால் யார் என்று எனக்குப் போன பொங்கலுக்கு ஊருக்குள் வைத்த சின்ன ஷோவில்தான் தெரிந்தது. பேனர்கூடக் கிடையாது. எழுபது வயது இருக்கும் ஒரு அம்மா, பேத்தி கையைப் பிடித்துக்கொண்டு வந்தவர், பத்மினி பக்கத்திலேயே ரொம்ப நேரம் நின்றார். உட்காருங்கம்மா என்று கதவைத் திறந்துவிட்டோம். உட்கார்ந்ததும் அவர் கை தானாக முன் ஜன்னலில் இருக்கும் முக்கோணக் கண்ணாடிக்குப் போனது. கொக்கியைத் தள்ளி, கண்ணாடியைத் திருப்பி, காற்று முகத்தில் அடிக்கிற கோணத்துக்குக் கொண்டுவந்து நிறுத்தினார். “எங்க வீட்டுக்காரர் டாக்சி ஓட்டினாரு. எனக்கு இதைத் திருப்பி வெச்சிட்டுத்தான் வண்டியை எடுப்பாரு” என்றார். வண்டி நின்றுகொண்டிருந்தது, காற்று எதுவும் வரவில்லை, அவர் இறங்க ஐந்து நிமிடம் ஆனது. பத்மினியின் சொந்தக்காரர் அதற்கப்புறம் அந்தக் கண்ணாடியைத் துடைக்கவே விடவில்லை.

நம் ஊரிலேயே இதற்கு முன்மாதிரி இருக்கிறது, யாரும் யோசிக்கவில்லை. ஆடியில் நம்ம குகை ஏரியாவில் வண்டி வேடிக்கை நடக்கிறது. ஜோடித்த வண்டிகளில் சாமி வேஷம் போட்டவர்கள் நிற்க, தெருத்தெருவாக வண்டி மெதுவாக நகர, ஜனம் திண்ணையிலும் மாடியிலும் உட்கார்ந்து பார்க்கிறது. டிக்கெட் எடுத்து எங்கேயும் போக வேண்டியதில்லை, வண்டிதான் வீட்டு வாசலுக்கு வருகிறது. நாமும் அப்படி ஒரு சாயங்காலம், வெயில் தாழ்ந்த பிறகு, செவ்வாய்ப்பேட்டை, பட்டைக்கோயில், அம்மாபேட்டை என்று ஒரு சுற்று மெதுவாகப் போகலாம். சாமி ஊர்வலத்தோடு போட்டி வேண்டாம், வேறு நாள் பார்த்துக்கொள்ளலாம்.

மலைக்குத் தை மாதம். பொங்கல் கூட்டம் கலைந்த பிறகு, காலை ஆறு மணிக்கு, விருந்தினர் யாரும் இல்லாமல். அந்த நேரத்தில் ரோட்டில் பால் வண்டியும் எஸ்டேட் ஜீப்பும்தான் இருக்கும். மேலே காப்பிப் பழம் பறிக்கிற காலம், களத்தில் கொட்டிக் காயவைத்திருப்பார்கள், அந்தப் புளித்த வாசனை வளைவுக்கு வளைவு வரும். காக்பர்ன் என்ற சேலம் கலெக்டர் 1820-களில் இந்த மலைக்குக் காப்பியைக் கொண்டுவந்தார் என்று பள்ளியில் படித்ததை மே மாதம் போனால் பார்க்கவே முடியாது, நெரிசலில் முன் வேனின் பின்பக்கக் கண்ணாடியைத்தான் பார்க்கலாம். பனி இருக்கும், விளக்கு ஒழுங்காக எரிய வேண்டும், சோக் போட்டுக் கொஞ்ச நேரம் எஞ்சினை உறுமவிட வேண்டும், அவ்வளவுதான் சிரமம். லண்டனிலிருந்து பிரைட்டனுக்கு 1905-க்கு முந்தைய வண்டிகளை ஓட்டிப் போகிறார்களே, நவம்பர் குளிரில், விடிகிற நேரத்தில் கிளம்புகிறார்கள். நமக்கு மட்டும் ஏன் கத்திரி வெயில்? மே மாதம் வண்டியைப் பெயின்ட் வேலைக்கு விடுங்கள், நன்றாகக் காயும்.

இன்னொருவர் வி.ஏ. நம்பர் பிளேட்டை இழுத்தார். 2021-ல் வந்த விதி, ஐம்பது வருடம் தாண்டிய வண்டிக்கு நம்பரில் வி.ஏ. என்ற எழுத்தோடு தனிப் பதிவு, புதிதாகப் பதிய 20,000 ரூபாய், பத்து வருடத்துக்குச் செல்லும். ஆனால் அப்படிப் பதிந்தால் கண்காட்சி, ரேலி, பெட்ரோல் போட, பழுது பார்க்க என்று இதற்கெல்லாம்தான் ரோட்டில் இறக்கலாம், தினசரி ஓட்டக் கூடாது. அதனால் பெரிய ஷோ இருந்தால்தான் அந்த வண்டிகள் வெளியே வரும் என்பது அவர் வாதம். சரிதான், ஷோவே வேண்டாம் என்று யார் சொன்னது? ரேலி தையில் நடந்தாலும் ரேலிதானே. நான் வி.ஏ. வாங்கவில்லை. பழைய ஆர்.சி.யையே புதுப்பித்துக்கொண்டிருக்கிறேன், 600 ரூபாயாக இருந்தது 2022-ல் 5,000 ஆனது, இருபது வருடம் தாண்டிய காருக்கு 2025-ல் 10,000 ஆக்கிவிட்டார்கள். வலிக்கத்தான் செய்கிறது. ஆனாலும் ஞாயிற்றுக்கிழமை காலையில் ஹெரால்டில் போய் இட்லிக்குக் கறி வாங்கிவரும் உரிமையை விட மனசில்லை.

அடுத்த ஞாயிறு ஓட்டெடுப்பு. தோற்றுவிடுவேன் என்றுதான் தோன்றுகிறது, கணக்குப் போட்டுப் பார்த்தால் என் பக்கம் பதினோரு பேர்தான் தேறுகிறார்கள். பாயிடம் சொன்னேன். ஓட்டைப் பற்றி ஒன்றும் பேசவில்லை, வண்டிக்கு அடியில் படுத்திருந்தவர், “பின்னாடி இடது பக்கம் வீல் சிலிண்டர் கசியுது, மலைக்குப் போறதுன்னா மார்கழிக்குள்ள கொண்டாந்து விடுங்க” என்றார். விடப்போகிறேன். தை இரண்டாவது ஞாயிறு, காலை ஆறு மணி, அதே மாடர்ன் தியேட்டர்ஸ் வளைவுக்கு முன்னால், கிளப் வந்தாலும் வராவிட்டாலும் நானும் பாயும் கிளம்புகிறோம். வருகிறவர்கள் பிளாஸ்கில் காப்பி கொண்டுவாருங்கள். தட்டுவடை கொண்டுவந்தால் டிக்கியில் வையுங்கள்.