அரசன் என்ன, நாட்டுக்கே தகப்பனா?

பதினேழாம் நூற்றாண்டு ஆங்கிலேயத் தத்துவவாதி ஜான் லாக்கைப் பற்றிப் பேசுகிறவர்கள் பெரும்பாலும் ‘அரசு பற்றிய இரு ஆய்வுரைகள்’ நூலின் இரண்டாம் உரையோடு நின்றுவிடுகிறார்கள். மக்களின் சம்மதம், எதிர்க்கும் உரிமை எல்லாம் அங்கேதான் இருக்கின்றன, சரி. ஆனால் எனக்கு முதல் உரைதான் பெரிதாகப் படுகிறது.

அது முழுக்க, முடியாட்சியை ஆதரித்து எழுதிய ராபர்ட் ஃபில்மருக்கு லாக் எழுதிய மறுப்பு. ஆதாமுக்குக் கடவுள் கொடுத்த தகப்பன் அதிகாரமே வழிவழியாக அரசர்களுக்கு வந்தது, அதனால் குடிமக்கள் அரசனைக் கேள்வி கேட்க முடியாது என்பது ஃபில்மரின் வாதம். அவர் இறந்தது 1653இல். இரண்டாம் சார்லஸுக்குப் பிறகு அவருடைய கத்தோலிக்கத் தம்பி பட்டத்துக்கு வரலாமா என்று இங்கிலாந்து அடித்துக்கொண்டிருந்த 1680இல் ஃபில்மரின் நூல் அச்சில் வந்தது. அரசர் தரப்பு அதைத் தூக்கிப் பிடித்தது.

லாக் அதை மடக்கும் இடம் அருமை. ‘உன் தகப்பனையும் உன் தாயையும் கனம்பண்ணுவாயாக’ என்பது பைபிளின் கட்டளை. ஃபில்மர் தாயை விட்டுவிட்டுத் தகப்பனை மட்டும் எடுத்துக்கொண்டார். தாய்க்கும் அதே பங்கு உண்டென்றால், ஒற்றை ஆளின் ஆட்சிக்கு அது எப்படி ஆதாரமாகும்? அப்புறம், மூத்த வாரிசுக்குத்தான் அதிகாரம் என்றால் ஆதாமின் உண்மையான வாரிசு உலகத்திலேயே ஒருவர்தான் இருக்க முடியும். அவர் யாரென்று யாருக்குத் தெரியும்? மற்ற அரசர்கள் அத்தனை பேரும் உரிமையில்லாமல் உட்கார்ந்திருக்கிறார்கள் என்றாகிறது!

இதே ஃபில்மருக்கு ஆங்கிலேய அரசியல்வாதி ஆல்ஜெர்னான் சிட்னியும் மறுப்பு எழுதிவந்தார். 1683இல் ராஜத்துரோக வழக்கில் அவரைப் பிடித்தார்கள். இரண்டு சாட்சிகள் வேண்டும் என்பது சட்டம். அவருக்கு எதிராக நேரடியாகச் சொல்லக் கிடைத்தவர் ஒருவர்தான். வீட்டில் கைப்பற்றிய, அச்சேறாத தாள்களையே இன்னொரு சாட்சியாக நீதிபதி ஜெஃப்ரீஸ் ஏற்றுக்கொண்டார். எழுதுவதும் செயல்தான் என்றார். டிசம்பர் 7 அன்று சிட்னியின் தலையை வெட்டினார்கள். லாக் அதே ஆண்டு ஹாலந்துக்குத் தப்பினார். 1689இல் நூலை வெளியிட்டபோதும் பெயர் போடவில்லை. அதைக் கோழைத்தனம் என்று சொல்ல எனக்கு மனம் வரவில்லை.

என் கோபம் வேறு. தாயைக் காட்டி ஃபில்மரை மடக்கிய லாக், கணவனும் மனைவியும் ஒத்துப்போகாதபோது திறமையும் வலுவும் கூடிய ஆணின் முடிவே செல்லும் என்று இரண்டாம் உரையில் எழுதுகிறார். நாட்டில் இடித்ததை வீட்டில் எழுப்பி வைத்துவிட்டார். நாட்டுக்கு வரம்பற்ற அதிகாரம் தேவையில்லை என்றால் குடும்பத்துக்கு மட்டும் எப்படித் தேவையாகிறது என்று ஆங்கிலேயப் பெண் எழுத்தாளர் மேரி ஆஸ்டெல் 1706இல் கேட்டார். அவர் முடியாட்சியின் பக்கம் நின்றவர், அதில் எனக்கு உடன்பாடில்லை. ஆனால் அந்தக் கேள்விக்கு லாக்கின் நூலில் நேர்மையான பதில் கிடையாது.